அதுக்கென்ன அண்ணாச்சி

மாட்டேன் என்று சொல்ல வேண்டிய இடம் வந்தால் அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிடுவார். சட்டை நுனியால் ஒரு சில்லைத் துடைப்பார். ஊதுவார். மறு சில்லைத் துடைப்பார். வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்து, இல்லாத அழுக்கைத் தேடுவார். அதற்குள் எதிரில் நிற்பவரின் முகம் மெல்ல வாடத் தொடங்கியிருக்கும். அந்த வாட்டம் மட்டும் கண்ணாடி இல்லாமலே அவருக்குத் தெரிந்துவிடும். அவசரமாகக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "அதுக்கென்ன, செஞ்சிருவோம்" என்பார்.

அதனால் அவர் அதுக்கென்ன அண்ணாச்சி. சொந்தப் பெயர் சம்பளம் வாங்கும் நாளில் மட்டும் உபயோகத்துக்கு வரும்.

முட்டத்துக் கலங்கரை விளக்கம் தெரிகிற தூரத்தில், அலைதடுப்புக் கற்களை ஒட்டி ஒரு சின்ன யார்டு. மீன்பிடிப் படகுகளைப் பழுது பார்க்கிற இடம். அங்கே அவர் ஃபோர்மேன். நான் வேன் வைத்துச் சாமான் வாங்கிப் போடுகிறவன். கோட்டாற்றில் கயிறும் பித்தளைக் கொண்டியும், மார்த்தாண்டத்தில் மெத்தைத் துணி, வழியெல்லாம் டீ. ஓரிடத்தில் நிற்காத கால்கள் எனக்கு. யார் எதைக் கேட்டாலும் அதை நோக்கிக் கிளம்பிவிடுகிற மனம் அவருக்கு. இரண்டு பேரும் ஒரே வண்டியில் போனால் எங்கே போய்ச் சேருவோம் என்று இரண்டு பேருக்கும் தெரியாது.

ஒருமுறை ஒரே முகூர்த்தத்தில் இரண்டு கல்யாணம். ஒன்று கோட்டாற்றில், ஒன்று பூதப்பாண்டியில். இரண்டு வீட்டாரும் வந்து, வாசலில் நின்று ஆட்களை வரவேற்க உங்களைப் போல ஒரு முகம் வேண்டும் என்று கேட்டுவிட்டார்கள். இரண்டு பேருக்கும் அதுக்கென்ன. கோட்டாற்றில் சிறிது நேரம் சந்தனம் கொடுத்துவிட்டு, பன்னீர்ச் செம்பைக் கையோடு எடுத்துக்கொண்டு என் வேனில் ஏறினார். தாலி கட்டிய நேரத்தில் அவர் இரண்டு வீட்டிலும் இல்லை. ஒழுகினசேரி நெரிசலில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வெகுநேரம் வெளியே பார்த்தவர், செம்பைத் தூக்கி என் மேல் இரண்டு சொட்டுத் தெளித்தார்.

"நீயாவது வந்தியே மக்கா. வா, வா, இரி."

அவர் ஊர் நாகர்கோவிலுக்கு வடக்கே, வயல்களுக்கு நடுவில். அங்கே வரப்புத் தகராறில் இரண்டு பங்காளிகள், இரண்டு பேருக்கும் இவரே சாட்சி சொல்வதாக ஏற்றுக்கொண்டார். "ரெண்டுபேரும் உள்ளதத்தானலே சொல்லுகானுவ" என்று என்னிடம் விளக்கம் வேறு. விஷயம் தெரிந்ததும் பங்காளிகள் இருவரும் சேர்ந்து வந்து இவர் வீட்டு வாசலில் நின்று ஏசினார்கள். ஏசி முடித்துவிட்டு ஒன்றாகவே டீக்கடைக்குப் போனார்கள். வரப்பு அதற்குப் பிறகு நகரவில்லை.

நான் சிரித்தேன். அவர் மனைவி சிரிக்கவில்லை. காப்பியை என் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, கடவுள் இவருக்க நாக்கைச் செய்யும்போ பாதியில சாப்பிடப் போயிட்டாரு. முடியாதுங்க வார்த்தைய வைக்காமலே அனுப்பிட்டாரு. வளைகுடாவுல இருக்கும்போ லீவு கேட்டவனுக்கெல்லாம் தனக்க லீவைக் குடுத்தாரு. நான் பிள்ளை பெத்தப்போ இவரு இல்ல. எவனோ ஒருத்தன் இவருக்க டிக்கட்டுல அவனுக்க பொண்டாட்டியப் பாக்கப் போனான்."

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

இதையெல்லாம் அன்பாகத்தான் நினைக்கிறேன். அவரைப் பார்த்து வருடங்கள் ஆகின்றன. ஆனால் நினைக்கும்போது உள்ளங்காலில் ஒரு சில்லிப்பும் சேர்ந்து வரும். அந்தக் கப்பலால்.

கடற்படை ஓய்வு கொடுத்து ஏலத்தில் விட்ட ரோந்துக் கப்பல் அது. பெரிய போர்க்கப்பல் அல்ல. ஆனாலும் எங்கள் யார்டுக்குள் அதை இழுத்து வந்து கட்டியபோது, பக்கத்தில் நின்ற மீன்பிடிப் படகுகள் கோழிக்குஞ்சுகள் போல ஆகிவிட்டன. உடம்பெல்லாம் சாம்பல் நிறம். முன்னால் பீரங்கி இருந்த இடத்தில் வட்டமான வடு, சுற்றிலும் போல்ட் துளைகள். உள்ளே குனிந்து நுழையும் கதவுகள், மூன்றடுக்கு இரும்புக் கட்டில்கள், யாரோ வியர்த்த வாசனை. கடலோடு கடலாக ஒளிந்துகொள்ளப் பூசிய சாம்பல். அதைச் சுரண்டி எடுத்து, ஊரெல்லாம் திரும்பிப் பார்க்கிற வெள்ளையாக்க வேண்டும். முப்பது பேர் முழங்கை இடித்துப் படுத்த இடத்தில் இரண்டு பேர் புரள ஒரு மெத்தை போட வேண்டும். ஒரு மனிதனின் குடும்பம் விடுமுறைக்குக் கடலில் போய்வர ஓர் உல்லாசக் கப்பல்.

அந்த மனிதர் மார்த்தாண்டம் பக்கத்துக்காரர். வெளிநாட்டில் தொழில் செய்து வளர்ந்தவர், நல்ல மனிதர். ஆசை வந்தால் குழந்தை மாதிரி கையைப் பிடித்துக்கொண்டு பேசுவார். முதலாளி என்றுதான் கூப்பிடுவோம். அண்ணாச்சியிடம் கையைப் பிடித்துக்கொண்டு பேசும் ஆள் போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

"அண்ணே, மேல்தட்டுல ஒரு பளிங்குத் தொட்டி. வானத்தப் பாத்துக்கிட்டுக் குளிக்கணும்."

"அதுக்கென்ன."

முதலாளியின் மனைவி, கடலில் கால் நனைக்க வசதியாகக் கப்பலின் பக்கவாட்டில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஒரு கதவு வேண்டும் என்றார். கீழ்நோக்கித் திறந்து மேடைபோல விரியும் கதவு. அதுக்கென்ன. சண்டைக் கப்பலின் இரும்பு வயிற்றில் வாசல் வெட்டினோம். முதலாளியின் மச்சினர் மேல்தட்டில் தேக்கு ஊஞ்சல் கேட்டார், பித்தளைச் சங்கிலியோடு. அதுக்கென்ன. சமையலறையும் மேலேயே இருந்தால் காற்றோட்டம். அதுக்கென்ன.

முதலாளியின் அம்மா அய்யாவழிக்காரர். நெற்றியில் திருநாமம், வெள்ளைச் சேலை, மெல்லிய குரல். அவர்கள் கும்பிடும் தாங்கலில் இருப்பதுபோல மேலே ஒரு சின்ன அறையில் ஆளுயரக் கண்ணாடியும் முன்னால் விளக்கும் வேண்டும் என்றார். கனத்த கண்ணாடி, நான்தான் வேனில் சாக்கு சுற்றிக் கொண்டுவந்தேன். அதை நிறுத்திய நாளிலிருந்து எங்கள் ஆட்களில் பாதிப்பேர் அந்த அறைக்குள் வயர் இழுக்கப் போனாலும், தாங்கலுக்குள் போவதுபோலச் செருப்பைக் கழற்றிவிட்டுத் துண்டைத் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டுதான் போனார்கள். டிரில்லிங் மெஷினும் தலைப்பாகையுமாக அவர்கள் நின்றதைப் பார்த்து அந்த அம்மா கண் கலங்கினார். அண்ணாச்சிக்கு அன்று முழுக்கச் சந்தோஷம். ஒரு முகம் மலர்ந்துவிட்டால் போதும், அவருக்கு அன்றைய சோறு அதுதான்.

கப்பலின் எடைக் கணக்குப் பார்த்த இன்ஜினியர் பெண் கொச்சிக்காரி. மாதம் ஒருமுறை வருவாள். அவளுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. அடியில் இருந்த பழைய கனத்த என்ஜின்கள் போய் இலேசான புதியவை வந்துவிட்டன. குண்டு வைத்திருந்த அறையின் தடித்த தகடுகளும் போய்விட்டன. மேலேயோ பளிங்கும் தேக்கும் கண்ணாடியும் ஏறிக்கொண்டே இருக்கின்றன. கால் இளைத்து, தலை கனத்த ஆள் மாதிரி கப்பல். அதனால் அடிவயிற்றில் இரும்புக் கட்டிகளை அடுக்க வேண்டும். அடுக்கி முடிக்கும்வரை மேல்தட்டில் முப்பது பேருக்கு மேல் ஏறக் கூடாது.

"சேட்டா, முதல்ல அடியில கனம் வெக்கணும், பின்னே மதி மத்ததெல்லாம். மறக்கக் கூடாது" என்று அண்ணாச்சியின் கண்ணைப் பார்த்துச் சொன்னாள்.

"அதுக்கென்ன மோளே."

இரும்புக் கட்டிகள் வந்து இறங்கின. படகுத்துறையில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்தோம். கிரேன் வைத்துக் கப்பலுக்குள் இறக்க வேண்டியதுதான் பாக்கி. அன்று காலை பக்கத்து ஊர் மீனவர் ஒருவர் தலையில் கைவைத்துக்கொண்டு வந்தார். "அண்ணாச்சி, எனக்க வள்ளம் பாறையில ஏறிக் கெடக்கு. உங்க கிரேன் ஒரு நேரத்துக்குக் கிட்டினா…" கண்ணாடி கழன்றது. துடைபட்டது. மாட்டப்பட்டது. கிரேன் போனது. அங்கே வள்ளத்தைத் தூக்கிய கிரேனை வழியில் இன்னொருவர் பார்த்து, அண்ணாச்சிக்குப் போன் போட்டு, தன் கிணற்றுக்குள் விழுந்த மோட்டாரைச் சொன்னார். அதற்குப் பிறகு ஒரு கோயில்காரர். எங்கள் கிரேன் ஊர் ஊராக நன்மை செய்துகொண்டு போனது.

அந்த நேரம் பார்த்து முதலாளிக்குப் பால்காய்ச்சு ஆசை வந்தது. புதுவீடு கட்டினால் பால் காய்ச்சாமல் குடியேறுவதுண்டா? இது கடலில் ஓடுகிற வீடு. "சும்மா நம்ம வீட்டுக்காரங்க மட்டும் அண்ணே, முப்பது பேரு." அதுக்கென்ன. மறுநாள், அம்மையின் பக்கத்து ஆட்கள் கொஞ்சம். அதுக்கென்ன. அதற்கு மறுநாள், யார்டுக்காரங்களும் குடும்பத்தோட வரணும். அதுக்கென்ன. நான் என் மனைவியையும் மகளையும் கூட்டி வந்தேன்.

அன்று காலை யார்டு வாசலில் மூன்று பஸ் நிறைய சொந்தக்காரர்கள் வந்து இறங்கினார்கள். பட்டுச் சேலை, பிச்சிப் பூ, கசவு வேட்டி. சமையல்காரர்கள் துறையிலேயே அடுப்பு மூட்டி, உயரம் வேண்டுமே என்று அந்த இரும்புக் கட்டிகளின் மேல் உருளிகளை ஏற்றி வைத்து அடைப்பிரதமன் கிண்டிக்கொண்டிருந்தார்கள். கப்பலின் அடிவயிற்றில் இருக்க வேண்டிய கனம் பாயசத்துக்கு அடியில் இருந்தது. அண்ணாச்சி அதைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

"அண்ணாச்சி, கிரேன்?"

"நாளைக்கு வந்துரும் மக்கா. சொல்லியாச்சு."

"அண்ணாச்சி, இன்னைக்கில்லா ஆளு வந்திருக்கு."

கண்ணாடியைத் துடைத்தார். அன்று அது வெகுநேரம் துடைபட்டது.

பந்தியைத் துறையில் போடலாம் என்று கடைசி நேரத்தில் ஒரு பேச்சு வந்தது. முதலாளி அவர் கையைப் பிடித்தார். "மேல போட்டா காத்து வரும், கடல் தெரியும். அம்மைக்கு ஒரே ஆசை அண்ணே." மேசைகள் மேலே போயின. நிழல் விழும் பக்கமாக, கடலைப் பார்த்த கைப்பிடிக் கம்பியை ஒட்டியே வரிசையாகப் போட்டார்கள். மறுபக்கம் துறை. எல்லாக் கனமும் கடல் பக்கம்.

மேல்தட்டுச் சமையலறையில் பால் வைத்தார்கள். நல்ல ஒரு பித்தளைப் பானை, கழுத்தில் மஞ்சள் கொத்து. அம்மா விளக்கேற்றினார். "கெழக்க பொங்கணும் மக்களே, கெழக்க" என்றார். எல்லோரும் அதைப் பார்க்க நெருக்கினார்கள். கிழக்கே துறை, மேற்கே கடல். பால் நுரைத்தது, ஏறியது, விளிம்புக்கு வந்தது, ஒரு கணம் தயங்கியது. பிறகு ஒட்டுமொத்தமாக மேற்கே சரிந்து வழிந்தது. ஒரே தாரையாக, வேறெந்தப் பக்கமும் ஒரு துளி சிந்தாமல்.

மச்சினர்தான் சமாளித்தார்: "கடலம்மைக்குல்லா போச்சு! இருக்க எடத்துக்காரிக்குத்தான மொதல்ல குடுக்கணும்!"

குரவைச் சத்தம் எழுந்தது. கைதட்டினார்கள். அண்ணாச்சி கைதட்டவில்லை. பானைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். வழிந்ததுபோக மிச்சமிருந்த பால் ஒரு பக்கம் விளிம்பைத் தொட்டும், மறுபக்கம் விரல்கடை இறங்கியும் நின்றது.

"அடுப்பு சரிவா இருக்கும் அண்ணாச்சி" என்றேன்.

"அடுப்ப நான்தான் மட்டம் பாத்து வெச்சேன்" என்றார். குரல் அவருடையதாக இல்லை.

முதல் பந்தி உட்கார்ந்தது. என் மகள் கம்பியோரமாக ஒரு நாற்காலியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். அவள் பின்னால் என் மனைவி. எங்கள் ஊர்ப் பந்தி உங்களுக்குத் தெரியும். சாப்பிடுகிற ஒவ்வொருவர் முதுகுக்குப் பின்னாலும் இன்னொருவர் நிற்பார், நாற்காலியின் தோளைப் பிடித்துக்கொண்டு, அடுத்த பந்திக்கு இடம் பிடித்து. சிலருக்குப் பின்னால் இரண்டு பேர். அந்த இன்ஜினியர் பெண்ணின் எந்தக் கணக்கிலும், உட்கார்ந்திருப்பவனுக்குப் பின்னால் பசியோடு நிற்பவன் வந்திருக்கமாட்டான்.

பருப்பு வந்தது, சாம்பார் வந்தது. இலையில் தெளித்த தண்ணீர் எல்லோருக்கும் ஒரே பக்கம் ஓடியது. ரசம் ஊற்றியபோது அது நேரே கடல் பக்கம் கிளம்பி மடியில் இறங்கியது. யாராவது பயந்தார்களா? இல்லை. சோற்றைக் கூட்டி அணை கட்டினார்கள். அணை உடைந்ததும் இன்னும் கொஞ்சம் சோறு கேட்டு, அணையை உயர்த்தினார்கள்.

"ஓய், உம்ம ரசம் எனக்க இலைக்கு வருகு வே."

"கப்பல்னா அப்பிடித்தான். குடிச்சிட்டு இரியும்."

நான் கீழே ஓடினேன். துறையில் கட்டியிருந்த கயிறுகள் விறைத்து, முறுகி, முனகிக்கொண்டிருந்தன. உள்ளே போய்ப் பார்த்தால், கடல் பக்கத்தில் கால் நனைக்கும் கதவு விரிந்து கிடந்தது. விருந்தினர் பார்க்கட்டும் என்று காலையிலேயே திறந்து வைத்தது. அதன் மேடை தண்ணீருக்குள் மூழ்கியிருந்தது. ஓர் அலை அவசரமே இல்லாமல் படியேறி உள்ளே வந்தது. புதுக் கம்பளத்தில் பரவி, என் பாதத்தை நனைத்தது. அடுத்த அலையும் வந்தது. வெல்டர் ஒருவர் கதவைத் தூக்கும் சங்கிலியை இழுத்து இழுத்துப் பார்த்தார். "கதவு மேல வெள்ளம் நிக்கு. கப்பல் நிமிராம இது ஏறாது. மேல உள்ள ஆள எறக்கச் சொல்லும் வே!" என்று கத்தினார்.

நான் படியேறிய வேகத்தை என் முழங்கால் இன்றும் மறக்கவில்லை. அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் முதலாளியிடம் போனார். முதலாளி இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, தானே எரிசேரி பரிமாறிக்கொண்டிருந்தார்.

"முதலாளி, ஆளு எறங்கணும். கப்பல் சரியுது. கீழ வெள்ளம் ஏறுகு."

"பந்தியில இருக்கவன எழுப்பச் சொல்லுதீரா?" முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது. "இலைக்கு முன்னால இருக்கவன எழுப்பினா தலமுறைக்கும் பேச்சுல்லா அண்ணே. எனக்க அம்மை இருக்கா. இந்தப் பந்தி முடியட்டும்." பிறகு, வழக்கம்போல, கையைப் பிடித்தார். "எனக்காவ."

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றினார். இந்த மனிதர் துடைத்து முடித்து மாட்டுவதற்குள் கப்பல் படுத்துவிடும் என்று தோன்றியது. என் மகளைப் பார்த்தேன். அவள் பப்படத்தை நொறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் முதுகுக்கு அந்தப் பக்கம் கம்பி, கம்பிக்கு அந்தப் பக்கம் தண்ணீர், தண்ணீர் காலையில் இருந்ததைவிட எவ்வளவோ பக்கத்தில்.

அவர் துடைக்கவில்லை. கண்ணாடியை மடக்கிச் சட்டைப் பையில் போட்டார்.

"முடியாது முதலாளி."

"என்னது?"

"முடியாது."

பிறகு திரும்பி நின்றுகொண்டு, தொண்டை கிழியச் சொன்னார்: "இருந்து சாப்பிடுகவங்க இருந்து சாப்பிடுங்க. ஒருத்தரும் எழும்பண்டாம். ஆனா மேல இனி ரெண்டாம் பந்தி கெடையாது! பின்னால நிக்கவங்க எல்லாம் கீழ போங்க. பைய, ஒருத்தருக்குப் பொறவு ஒருத்தரா. ஓடப்பிடாது."

யார்டு ஆட்கள் பரிமாறிக்கொண்டிருந்த வாளியோடு அப்படியே நின்றுவிட்டார்கள். சரிவைக் கண்டு பயப்படாதவர்கள் அந்தக் குரலைக் கேட்டுப் பயந்தார்கள். கெடையாது. அந்த வாயிலிருந்து. ஆயுசு முழுக்க ஒரு தரமும் எடுத்துப் புழங்காத சொல், கூர் மழுங்காமல் இருந்தது.

நான் அதற்குள் மகளிடம் போய்விட்டேன். அவள் கையிடுக்கில் கைகொடுத்துத் தூக்கப் போனேன். பின்னாலிருந்து என் தோளைப் பிடித்தார்.

"எடுக்காத."

"அண்ணாச்சி, எனக்க பிள்ளை."

"ஒருத்தர் எழும்பினா எல்லாரும் எழும்புவா. எழும்பி ஓடுவா. அப்ப இது நிக்காது. பிள்ளை இருக்கட்டும்."

"அண்ணாச்சி…"

"முடியாது மக்கா."

அவர் கண்கள் கண்ணாடியில்லாமல் வெறுமையாக, சிறியதாக இருந்தன. அந்த நேரம் அவரை நான் வெறுத்தேன். கையை எடுத்துவிட்டேன்.

நிற்கிறவர்கள் நகரத் தொடங்கினார்கள். இரண்டாம் பந்தி இல்லை என்றான பிறகு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்று என்ன பயன்? இறங்கும் படியருகில் அவர் கையை அகட்டி நின்றுகொண்டு, ஒவ்வொருவராக விட்டார்.

"நான் பெரியம்மைக்க மருமகன். என்னையா கீழ போகச் சொல்லுகீரு?"

"ஆமா. போங்க."

"எனக்க கைக்குட்டை அந்தச் சேருல கெடக்கு. அது நான் பிடிச்ச சேரு."

"சேரு உங்களுக்கு இல்ல."

"பிரதமன் மேலயா கீழயா?"

"கீழ."

"அப்பம் செரி. நகருங்க, நகருங்க."

என் மனைவி மகளை விட்டு நகரமாட்டேன் என்றாள். அவளிடமும் முடியாது என்றார். அவள் அழுதுகொண்டே இறங்கினாள். ஒவ்வோர் ஆள் படியில் இறங்கும்போதும் நான் மகளின் இலையைப் பார்த்தேன். சோற்று அணைக்கு அந்தப் பக்கம் தேங்கியிருந்த ரசம் சிறிதும் அசையவில்லை. பிறகும் அசையவில்லை. பிறகு, யாரோ இலையின் நுனியைத் தூக்கிப் பிடித்ததுபோல, அது மெல்லத் திரும்பி வரத் தொடங்கியது. கயிறுகளின் முனகல் நின்றது. கால்களுக்குக் கீழே ஒரு பெரிய மிருகம் பக்கம் மாறிப் படுப்பதுபோல் ஓர் அசைவு. கீழேயிருந்து சங்கிலி ஓடும் சத்தம். வெல்டரின் குரல்: "கதவு ஏறியாச்சேய்!"

பந்தியில் இருந்தவர்கள் கடைசிவரை சாப்பிட்டார்கள். அடைப்பிரதமன் வந்தது, இலையில் ஊற்றிய இடத்திலேயே நின்றது. என் மகள் விரலால் வழித்துத் தின்று முடித்து, இலையை மூடி, "அப்பா, எறக்கி விடு" என்றாள். தூக்கிக்கொண்டேன். அவள் வாயிலிருந்து வெல்லமும் தேங்காய்ப்பாலும் மணத்தது. துறைக்கு வந்தும் அவளை இறக்கவில்லை. மனைவி வந்து பிடுங்கிக்கொண்டாள்.

அன்று ஒருவர் மடியும் ரசத்தில் தவிர வேறெதிலும் நனையவில்லை. வந்தவர்களில் பாதிப்பேருக்கு என்ன நடக்கப் பார்த்தது என்றே தெரியாது. இடம் பிடித்தும் பந்தி கிடைக்காத கோபத்தோடு, துறையில் நின்றபடியே இரண்டு பங்கு பிரதமன் குடித்துவிட்டுப் போனார்கள்.

எல்லோரும் போன பிறகு அண்ணாச்சி ஓர் இரும்புக் கட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். முதலாளி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கீழே போய் நனைந்த கம்பளத்தைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

"நேரத்தோட சொல்லியிருக்கலாம்லா அண்ணே."

"உங்க மொகத்தப் பாத்தா வாய் வரல முதலாளி."

"பொறவு எப்படி வந்துது?"

"கண்ணாடியக் கழத்திட்டேன். இன்னைக்கு மட்டும் மொகம் தெரியல. வெள்ளம் மட்டும் தெரிஞ்சுது."

முதலாளி தலையைக் குனிந்துகொண்டார். பிறகு எழுந்து, "நாளைக்கு நானே கிரேன் கொண்டுவாறேன்" என்று சொல்லிவிட்டு அம்மாவைத் தேடிப் போனார். சொன்னபடியே கொண்டுவந்தார். கட்டிகள் எல்லாம் அடிவயிற்றுக்குப் போயின. பளிங்குத் தொட்டி மேலிருந்து இறங்கியது. அந்தக் கப்பல் இப்போது ஏதோ ஒரு கடலில் வெள்ளையாக, நிமிர்ந்து மிதக்கிறது.

ஆனால் நான் சொல்ல வந்தது அன்று முதலாளி எழுந்து போன பிறகு நடந்ததை. சமையல்காரர்களில் மூத்தவர் உருளிகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, துண்டில் கையைத் துடைத்தபடி அண்ணாச்சியிடம் வந்தார்.

"அண்ணாச்சி, உங்க யார்டு வண்டியில இந்த உருளிய எல்லாம் கோட்டாத்துல கொண்டு போட்டுத் தருவியளா? நல்ல மனுசன்னு சொன்னாவ."

நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் சமையல்காரரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு இரண்டு தரம் அசைந்தது. என்னையும் என் வேனையும் பார்த்தார். என் தோளில் தலைசாய்த்து நின்ற என் மனைவியையும், அவள் இடுப்பில் தூங்கிக்கொண்டிருந்த மகளையும் பார்த்தார்.

"முடியாது" என்றார். "வண்டிக்காரனுக்குப் பிள்ளைய வீட்டுல கொண்டு விடணும்."

"ஓ, செரி. நான் ஆட்டோ பிடிச்சுக்கிடுகேன்" என்றார் சமையல்காரர். பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி ரோட்டைப் பார்த்து நடந்தார்.

அவர் வளைவு திரும்பி மறையும்வரை அண்ணாச்சி அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அவ்வளவுதானா மக்கா?" என்று கேட்டார்.